22 வருடம் கழித்துத் தோழிகளைப் பார்க்கப் போகிறேன், பாட்டை எப்படிக் கொண்டுபோவது?

ஜன்னலோரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் முதல் வாரம் வேறு ஊரில் இருக்கிற என் இரண்டு தோழிகளைப் பார்க்கப் போகிறேன். விடுதியில் மூன்று பேரும் ஒரே அறை, நான்கு வருடம். படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போனதோடு சரி, 22 வருடமாக மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்ததே இல்லை. போனில் பேசுவோம், அதுவும் பிள்ளைகள், வேலை, உடம்பு என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போதுதான் எப்படியோ மூன்று பேருக்கும் ஒரே நான்கு நாள் அமைந்திருக்கிறது. போவது ரயிலில், 14 மணி நேரம். திரும்புவது விமானத்தில்.

அந்த அறையில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வாக்மேன். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஒரு இயர்போனை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வோம், ஆளுக்கு ஒரு காது, மூன்றாவது ஆள் ஒரு பாட்டு முடியும்வரை காத்திருப்பாள், அப்புறம் மாற்றிக்கொள்வோம். யாருக்கு எந்தப் பாட்டு வரும் என்பதில் சண்டைகூட வந்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பயணத்துக்குப் பாட்டு இல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

கேட்க வேண்டியவை இவை. ரயிலில் பாதி தூரம் சிக்னல் இருக்காது, போனையே நம்பிப் போகலாமா, இல்லை என்னிடம் இருக்கிற பழைய எம்பி3 பிளேயரைத் தூசி தட்டி எடுக்கலாமா? இரண்டாவதுதான் முக்கியம். கடைசி வாரம் நாங்கள் மூன்று பேரும் பாடியதையும் பேசியதையும் ஒரு 90 நிமிட கேசட்டில் பதிந்து வைத்தோம். அது என்னிடம்தான் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்கவில்லை. வாக்மேனும் அலமாரியில் இருக்கிறது, திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. கேசட்டை அங்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போகிறது. ஆனால் விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் போனால் அழிந்துவிடுமா?

கடைசியாக ஒன்று. இரண்டு பேரில் ஒருத்திக்கு மூன்று வருடம் முன்னால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது காது முழுக்கக் கேட்காமல் போய்விட்டது. அவளோடு எப்படிச் சேர்ந்து கேட்பது? கேட்கலாம் என்று எடுத்தாலே அவளுக்கு வருத்தமாகிவிடுமோ என்றும் ஒரு பயம் இருக்கிறது.

---

நெடும்பயணம் எழுதியது:

சகோதரி, மாதத்தில் பத்து நாள் ரயிலிலேயே இருக்கிறவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். போன் போதும், ஆனால் பாட்டு போனுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் செய்து வைத்தால் சரி என்று நினைப்போம், அது பல ஆப்களில் முப்பது நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தோடு பேச வேண்டும், இல்லையென்றால் பூட்டிக்கொள்ளும். எத்தனையோ பேர் நடுக்காட்டில் வண்டி நிற்கும்போதுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டிலேயே போனை ஃபிளைட் மோடில் போட்டு, ஆப்பை ஒரு தடவை முழுக்க மூடித் திறந்து, நான்கைந்து பாட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். பெயர் தெரிவது வேறு, பாட்டு ஓடுவது வேறு.

நீங்கள் சொந்தமாக வைத்திருக்கிற எம்பி3 கோப்புகள் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி, 320 என்றால் 2.4 எம்பி. 14 மணி நேரத்துக்கு நல்ல தரத்திலேயே 2 ஜிபிதான் வரும். பழைய பிளேயரை எடுக்கிறீர்கள் என்றால் ஒன்றைப் பாருங்கள், உள்ளே இருக்கிற லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால், மூடி லேசாகத் தூக்கியிருந்தாலே போதும், சார்ஜ் போடவே வேண்டாம், கொண்டுபோகவும் வேண்டாம்.

கம்பி வைத்த இயர்போன் ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும். புளூடூத் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கும் சார்ஜ் வேண்டும், போனுக்கும் வேண்டும், ராத்திரி இரண்டும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். உங்கள் போனில் இயர்போன் ஓட்டை இல்லையென்றால் டைப்-சி அடாப்டரை வாங்கின உடனே உங்கள் போனிலேயே போட்டுப் பாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சிலவற்றில் ஒலியை மாற்றித் தருகிற சிப் உள்ளே இருக்கும், சிலவற்றில் இருக்காது. சிப் இல்லாதது சில போன்களில் மட்டும்தான் பேசும்.

பவர் பேங்க் கொண்டுபோவீர்கள் அல்லவா, ரயிலில் கவலை இல்லை, திரும்பும்போது விமானத்தில் அது கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக விடுவார்கள். 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், 74 வரும். எழுத்து அழிந்துபோன பவர் பேங்க் என்றால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

---

டேப்காரர் எழுதியது:

தங்கச்சி, அந்தக் கேசட்டை இன்னும் எதிலும் போடவில்லையே? போடாதீர்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

முப்பது வருடம் டேப் ரெக்கார்டர் பழுது பார்த்தவன் நான். கேசட் தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் மிஷின்தான் அதைக் கொல்லும். வருடக்கணக்காகச் சும்மா கிடந்த வாக்மேனுக்குள் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் உருகித் தார் மாதிரி ஆகியிருக்கும். நாடாவை இழுத்துப் பிடிக்கிற சின்ன ரப்பர் உருளை வழவழப்பாகி நாடாவைச் சுற்றிக்கொள்ளும். 90 நிமிடக் கேசட்டில் நாடா 60 நிமிடத்தைவிட மெல்லிசு, சிக்கினால் சட்டென்று மடிந்து இழுபட்டுவிடும், அந்த இடத்தில் குரல் போனது போனதுதான்.

பேட்டரி கசிந்ததைச் சரி செய்யலாம். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேய்த்தால் அந்த வெள்ளை கரையும், அப்புறம் ஈரமில்லாமல் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நாடா உரசிப் போகிற ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள், பழுப்பாக வரும், பழுப்பு நிற்கிறவரை துடைக்கலாம். பெல்ட் மாற்ற வேண்டியிருந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள். இதெல்லாம் முடிந்ததும் போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் முழுக்க ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடினால்தான் உங்கள் கேசட்.

அந்தக் கேசட்டில் பார்க்க வேண்டியது இரண்டு. நாடா தெரிகிற வாய்ப்பக்கத்தின் நடுவில், நாடாவுக்குப் பின்னால் சின்னத் தகட்டில் கம்பளித் துணி மாதிரி ஒரு துண்டு ஒட்டியிருக்கும், அது விழுந்திருந்தால் சத்தம் மங்கி மங்கி வரும். பின்பக்க ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அது இன்னும் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள், தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. இத்தனை வருடம் ஒரே சுருளாக இருந்ததால் நாடா ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். அறுகோணப் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டு முதலில் கொஞ்ச தூரம் கையால் சுற்றிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் வந்தால் மிஷினில் கடைசிவரை ஓட்டித் திரும்பவும் சுற்றிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

இன்னொன்று, முதல் தடவை கேட்கும்போதே பிரதி எடுத்துவிடுங்கள். ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்கு, ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருள் போதும். ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் வையுங்கள். முழு 90 நிமிடமும் சுருக்காமல் வேவ் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 950 எம்பி, அதிலிருந்து 128இல் ஒரு எம்பி3 போட்டால் 86 எம்பிதான். போனில் அனுப்பலாம், மூன்று பேர் வீட்டிலும் இருக்கும்.

எக்ஸ்ரே காந்தத்தைத் தொடாது, கேசட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பீக்கர் காந்தமும் வெயிலும்தான் எதிரி, காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

---

ஒருகாது எழுதியது:

அக்கா, என் பெயரைப் பார்த்தாலே தெரியும். எனக்கும் இடது பக்கம்தான் கேட்காது, ஆறு வருடமாகிறது. உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் என் நண்பர்களில் யாரும் இதை யோசித்துக் கேட்டதில்லை.

ஸ்டீரியோவில் பதிந்த பாட்டில் இடது காதுக்கு வருவது வேறு, வலது காதுக்கு வருவது வேறு. நீங்கள் விடுதியில் ஒரு இயர்போனைப் பங்கு போட்டபோதே ஆளுக்குப் பாதிப் பாட்டுதான் கேட்டிருக்கிறீர்கள். பழைய ஸ்டீரியோ பதிவுகளில் இது ரொம்ப வெளிப்படையாகத் தெரியும், குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம் என்று பிரித்தே வைத்திருப்பார்கள். எனக்குக் காது போன புதிதில் மனப்பாடமாகத் தெரிந்த பாட்டில் வயலின் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. பாட்டை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அது இடது பக்கத்தில் இருந்திருக்கிறது. ஒரு வருடம் பாட்டே கேட்கவில்லை.

அப்புறம்தான் ஒருவர் காட்டினார், போனில் ஆக்சஸிபிலிட்டி அமைப்புக்குள் போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் உண்டு, ஐபோனிலும் உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் கலந்து இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி வரும். அன்றைக்கு அந்த வயலின் திரும்ப வந்தது. போட்டுவிட்டு அவளுக்கு வலது பக்கத்து இயர்போனைக் கொடுங்கள், இன்னொன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் முழுப் பாட்டும் கிடைக்கும். அவளுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம், எனக்கே ஒரு வருடம் ஆயிற்று.

வருத்தப்படுவாளோ என்று கேட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை வருத்தம் பாட்டு போடுவதில் இல்லை. பேசும்போது பின்னால் பாட்டு ஓடுவதுதான் கஷ்டம். இரண்டு காது இருப்பவர்கள் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரலைப் பிரித்து எடுத்துவிடுவார்கள், ஒரு காதில் எல்லாம் ஒரே குழம்பாகத்தான் வரும், யார் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்துவைப்பேன், என்ன சொன்னார்கள் என்று தெரியாமல். அதனால் கேட்கும்போது கேளுங்கள், பேசும்போது நிறுத்திவிடுங்கள். எப்போதும் அவளுக்கு வலது பக்கத்தில் உட்காருங்கள், நடக்கும்போதும் அந்தப் பக்கமே வாருங்கள். ஸ்பீக்கர் என்றால் மேசை நடுவில் வேண்டாம், அவள் பக்கமாக வையுங்கள்.

ரயிலில் நீங்கள் கேட்கும்போதும் ஒன்று. வண்டிச் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான். 14 மணி நேரப் பயணத்தில் அது ஒரே ராத்திரியில் தாண்டிவிடும். காதை நன்றாக அடைக்கிற இயர்போன் போட்டு மெதுவாகக் கேளுங்கள் அக்கா.

---

மலைப்பாதை எழுதியது:

எல்லாரும் எப்படிக் கொண்டுபோவது என்று சொல்லிவிட்டீர்கள். நான் குறைவாகக் கொண்டுபோங்கள் என்று சொல்ல வந்தேன்.

நான்கு வருடம் முன்னால் நானும் இப்படித்தான் ஒரு நண்பனைப் பார்க்கப் போனேன். ஒரு மாதம் உட்கார்ந்து 300 பாட்டு சேர்த்தேன், நாங்கள் சேர்ந்து கேட்டவை எல்லாம், வருட வரிசையில். நல்ல ஸ்பீக்கர் ஒன்றும் புதிதாக வாங்கினேன். மூன்று நாளும் போட்டுக்கொண்டே இருந்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, இது நினைவிருக்கிறதா, அது நினைவிருக்கிறதா என்று. அவனும் தலையாட்டிக்கொண்டே இருந்தான். திரும்புகிற அன்று நடைமேடையில் வண்டி வர இருபது நிமிடம் இருக்கும்போது, தன் மனைவி ஒரு வருடமாகத் தனியாக இருக்கிறாள் என்று சொன்னான். மூன்று நாள் அவன் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் இடம் கொடுக்கவில்லை. அந்த இருபது நிமிடம் போதவே இல்லை.

கேசட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள். மற்றதைப் பத்துப் பாட்டோடு நிறுத்துங்கள்.

---

நெடும்பயணம் எழுதியது:

மலைப்பாதை, நீங்கள் சொன்னது மனதைப் பிசைகிறது, ஆனால் பாட்டுதான் தடை என்று சொல்ல மாட்டேன். சில பேருக்கு முகம் பார்த்துப் பேச வராது, பாட்டு ஓடும்போது, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வாய் திறப்பார்கள். என் நண்பன் அப்படி. 1979இல் வந்த முதல் சோனி வாக்மேனிலேயே இரண்டு ஹெட்போன் ஓட்டை வைத்திருந்தார்கள், கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால் பாட்டு தணிந்து உள்ளே இருக்கிற மைக் வழியாக ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். சேர்ந்து கேட்கிறவர்கள் நடுவில் பேசுவார்கள் என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். அந்தப் பொத்தானை நாமே கையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆள் வாயைத் திறந்ததும் தணிக்க வேண்டும், அவ்வளவுதான் என் கருத்து.

---

ஜன்னலோரம் எழுதியது:

போய்விட்டு நேற்று ராத்திரி வந்தேன். இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதினீர்கள், நடந்ததைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

டேப்காரர் அண்ணா, நீங்கள் சொன்னபடி வேறு ஒரு கேசட்டைப் போட்டேன், மூன்றாவது நிமிடத்தில் அதை வாக்மேன் கடித்துத் துப்பியது. எங்கள் கேசட்டைப் போட்டிருந்தால் என்று நினைத்து உடம்பு நடுங்கிவிட்டது. பெல்ட்டும் உருளையும் மாற்றிக் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. பிரதி எடுக்கும்போது நான் ஹெட்போன் போடவே இல்லை, திரையில் அலை ஓடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இல்லாமல் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

முதல் நாள் எதையும் எடுக்கவில்லை. பேச்சு நிற்கவே இல்லை. மலைப்பாதை சொன்னது மனதிலேயே இருந்தது, நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் காது போன பிறகு அந்த முதல் மாதங்கள் எப்படியிருந்தன என்று அவள் அன்றைக்குத்தான் சொன்னாள், போனில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்ததை அவள் கவனித்துவிட்டாள், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். ஒருகாது எழுதியதை அப்படியே காட்டினேன், அந்த வயலினைப் பற்றிய இடத்தை இரண்டு தடவை படித்தாள். மோனோ பொத்தான் அவளுக்குத் தெரியாது. அன்று ராத்திரி தன் போனில் போட்டுக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள், நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் பக்கத்தில் இருந்தோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கேசட். பிரதி போனில் இருந்தாலும் வாக்மேனிலேயே போட்டோம், சின்ன ஸ்பீக்கரைக் கம்பியில் மாட்டி அவள் வலது பக்கம் வைத்து. முதலில் வெறும் இரைச்சல், அப்புறம் 'ஓடுதா?' என்று என் குரல், நம்பவே முடியவில்லை, என் மகள் குரல் மாதிரியே இருக்கிறது. பாட்டெல்லாம் பாதிப் பாதிதான், பாடுவதைவிடச் சிரித்ததுதான் அதிகம். அரை மணி நேரம் போனதும் கதவு தட்டுகிற சத்தம், 'நிறுத்து நிறுத்து' என்று யாரோ கிசுகிசுக்கிறார்கள், டக்கென்று பொத்தான். அது யார் குரல் என்று எங்களுக்குள் பெரிய வாதம். காது கேட்காதவள்தான் சொன்னாள், அது தன் குரல் என்று. ஜலதோஷம் பிடித்திருந்ததாம், அந்த வாரம் முழுக்க. அவள் சொன்ன பிறகுதான் அந்த மூக்கடைப்பு எங்களுக்கே கேட்டது.

பி பக்கத்தில் பாதிக்கு மேல் ஒன்றும் இல்லை. அப்படியே ஓடட்டும் என்று விட்டோம், கேட்டுக்கொண்டே மூன்று பேரும் தரையில் படுத்துவிட்டோம்.

கேசட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த வருடம் அவள் எடுத்துக்கொண்டு இங்கே வர வேண்டும் என்று ஏற்பாடு.

---

டேப்காரர் எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், பெட்டிக்குள் போட்டுப் புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம். வருவதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்க ஓட்டிச் சுற்றிவிட்டு எடுத்து வரட்டும்.